காலி டப்பாவும் காற்றில் ஒரு பட்டமும்

ஒன்பது வயதுச் சிறுவன் ஒருவன் மச்சு அறையில் உட்கார்ந்து, தன் தாய் குடித்துப்போட்ட பியர் டப்பாக்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக் கோபுரம் கட்டிக்கொண்டிருக்கிறான். கீழே தொலைக்காட்சி ஓடிக்கொண்டிருக்கிறது. அதனோடு சண்டை போடுவதுபோல் தாயின் குரலும் கேட்கிறது. கோபுரம் சரிகிறது. டப்பாக்கள் உருளும் சத்தத்தில் ஆத்திரமடைந்த தாய், அடி வெளுக்கப்போவதாகக் கத்தியபடி ஏணியில் ஏறி வருகிறாள். பயந்துபோன சிறுவன் மச்சின் தரைக்கதவை அறைந்து மூடுகிறான். ஏதோ விழும் சத்தம் கேட்கிறது. அதற்குப் பிறகு வீட்டில் அவளுடைய குரல் இல்லை.

க்ளோட் பராஸ் என்ற சுவிட்சர்லாந்து இயக்குநர் 2016-இல் எடுத்த 'மா வி தெ கூர்ஜெத்' என்ற ஸ்டாப் மோஷன் படம், அதாவது பொம்மைகளை அசைத்து எடுத்த படம், இப்படித்தான் தொடங்குகிறது. ஆங்கில வசன எழுத்துகளோடு பார்ப்பவர்களுக்கு இது 'மை லைஃப் அஸ் எ ஸுக்கினி' என்ற பெயரில் கிடைக்கும். விழுந்த தாயை நமக்குக் காட்டுவதே இல்லை. அடுத்து நாம் பார்ப்பது ஒரு காவல் நிலையத்தை. மேசைக்கு அந்தப் பக்கம் ரேமோன் என்ற காவலர், இந்தப் பக்கம் நீல நிறத் தலைமுடியும், கண்ணைச் சுற்றி நீல வளையமும், முழங்காலைத் தொட்டுவிடும் போலிருக்கிற நீண்ட கைகளும் கொண்ட ஒரு பொம்மை. அவனுடைய இயற்பெயர் இக்கார். ஆனால் தாய் தன்னைக் கூர்ஜெத் என்றுதான் கூப்பிடுவாள் என்றும், தன்னை அப்படித்தான் அழைக்க வேண்டும் என்றும் சிறுவன் வலியுறுத்துகிறான். கூர்ஜெத் என்றால் நம் காய்கறிக் கடைகளில் இப்போது சுக்கினி என்ற பெயரில் விற்கும் காய். அம்மா நல்லவளா என்று ரேமோன் விசாரிக்கும்போது, அவள் நிறையக் குடிப்பாள் என்றும், ஆனால் உருளைக்கிழங்கு மசியல் நன்றாகச் செய்வாள் என்றும், சில சமயம் தாங்கள் சேர்ந்து சிரித்ததும் உண்டு என்றும் அவன் சொல்கிறான்.

முதன்முறை பார்த்தபோது நான் இந்த இடத்தில் படத்தை நிறுத்திவிட்டேன். அழுகை வந்ததால் அல்ல. ஒரு குழந்தை தன் தாயைப் பற்றி எவ்வளவு துல்லியமாகக் கணக்கு வைத்திருக்கிறது என்ற வியப்பினால். குற்றச்சாட்டும் இல்லை, மன்னிப்பும் இல்லை. வரவு இவ்வளவு, செலவு இவ்வளவு என்று எழுதிவைத்ததுபோல் ஒரு பதில். ஒரு பெரியவரிடம் அதே கேள்வியைக் கேட்டிருந்தால், தாயைத் தெய்வமாக்கியிருப்பார் அல்லது பேயாக்கியிருப்பார்.

அந்தச் சிறுவனிடம் இருக்கும் சொத்து இரண்டே பொருள்கள். ஒன்று, தாய் குடித்துப்போட்ட ஒரு காலி பியர் டப்பா. மற்றொன்று, அவனே செய்த பட்டம். பட்டத்தின் ஒரு பக்கத்தில் அவன் பார்த்திராத தந்தையை ஒரு சாகச வீரனாக வரைந்திருக்கிறான். மறுபக்கத்தில் ஒரு கோழி இருக்கிறது. தந்தைக்குக் கோழிகள் என்றால் பிடிக்கும் என்று தாய் சொல்லியிருக்கிறாளாம். பிரெஞ்சுக் கொச்சையில் கோழி என்ற சொல் இளம் பெண்ணையும் குறிக்கும். கணவன் வேறொருத்தியோடு போய்விட்டான் என்று மனைவி கசப்போடு சொன்ன ஒரு வாக்கியத்தைப் பிள்ளை அப்படியே எழுத்துக்கு எழுத்து நம்பி, கோழி வரைந்து வைத்திருக்கிறது. ரேமோனின் வண்டி அவனைக் காப்பகத்துக்குக் கொண்டுபோகும்போது, அந்தப் பட்டம் சன்னலுக்கு வெளியே காற்றில் பறந்தபடி வண்டியின் பின்னாலேயே வருகிறது. துயரமான பயணம் என்று நமக்குத் தெரியும். ஆனால் திரையில் இருப்பதென்னவோ பட்டம் விடும் ஒரு பையன்தான்.

படத்தின் மூலக்கதை ஜில் பாரி என்பவர் 2002-இல் வெளியிட்ட பிரெஞ்சு நாவல். நாவலில் தாயின் மரணம் துப்பாக்கியால் நேர்கிறது. கையில் அகப்பட்ட துப்பாக்கி தவறுதலாக வெடித்துவிடுகிறது. திரைக்கதை எழுதிய செலின் சியாமா அதை மாற்றி, துப்பாக்கி இருந்த இடத்தில் ஒரு கதவை வைத்திருக்கிறார். இது சிறிய மாற்றமல்ல என்று நினைக்கிறேன். துப்பாக்கி கதைகளில் வரும் பொருள். கதவை அறைந்து சாத்துவது எல்லாப் பிள்ளைகளும் செய்கிற காரியம். அடிக்கு அஞ்சி அறைக்குள் ஓடித் தாழிட்டுக்கொண்ட அனுபவம் இல்லாதவர் நம்மில் குறைவு. சியாமா ஏற்கெனவே 'டாம்பாய்' போன்ற படங்களில் பிள்ளைகளின் உலகத்தைப் பெரியவர்களின் விளக்கவுரை இல்லாமல் காட்டியவர். இந்தத் திரைக்கதைக்காக அவருக்கு 2017-இல் பிரான்ஸின் திரைப்பட விருதான சேசர், தழுவல் திரைக்கதைப் பிரிவில் கிடைத்தது. சிறந்த அசைவூட்டப் படத்துக்கான சேசரையும் படம் பெற்றது. அதற்கு முந்தைய ஆண்டு கான் திரைப்பட விழாவின் இயக்குநர்கள் பிரிவில் முதலில் திரையிடப்பட்டு, அசைவூட்டப் படங்களுக்கான ஆன்சி விழாவில் தலைமைப் பரிசையும் பார்வையாளர் பரிசையும் சேர்த்தே வாங்கியது. ஆஸ்கர் போட்டியில் இறுதிப் பட்டியல்வரை போய், 'ஸூட்டோபியா'விடம் தோற்றது. விருதுகளைப் பற்றி இவ்வளவு போதும்.

நான் எழுத உட்கார்ந்தது அந்தப் பொம்மைகளின் அசையாமையைப் பற்றி.

ஸ்டாப் மோஷன் என்பது என்ன என்று பெரும்பாலோருக்குத் தெரிந்திருக்கும். பொம்மையை ஒரு நிலையில் வைத்து ஒரு படம் எடுக்க வேண்டும். கையையோ தலையையோ மயிரிழை நகர்த்தி அடுத்த படம் எடுக்க வேண்டும். அதை வரிசையாக ஓட்டினால் பொம்மை நடக்கும். இந்தப் படம் ஓடுவது 66 நிமிடங்கள். நொடிக்கு 24 சட்டகம் (ஃபிரேம்) என்று பெருக்கிப் பார்த்தால் 95,040 வருகிறது. ஒவ்வொரு நிலையையும் இரண்டு சட்டகங்களுக்கு நிறுத்திவைத்தார்கள் என்று கொண்டாலும், 47,000 தடவைக்கு மேல் யாரோ ஒருவர் குனிந்து, மூச்சை அடக்கி, பொம்மையைத் தொட்டு நிமிர்ந்திருக்க வேண்டும். பிரான்ஸில் லியோன் நகரை ஒட்டிய வில்யூர்பானில் உள்ள படப்பிடிப்புக் கூடத்தில் இந்த வேலை நடந்தது.

இவ்வளவு பாடுபட்டு அசைக்கிறவர்கள் பொம்மையைச் சும்மா நிறுத்திவைக்க விரும்புவார்களா? பெரும்பாலான அசைவூட்டப் படங்களில் யாரும் ஒரு கணம் சும்மா நிற்பதில்லை. பேசும்போது கையை ஆட்டுவார்கள், புருவம் துள்ளும், உடம்பு வளையும், பின்னணியில் ஒரு பூனையாவது ஓடும். அதற்குத் தொழில் சார்ந்த காரணமும் உண்டு. ஒரு நடிகர் அசையாமல் நின்றாலும் அவர் உயிரோடு இருக்கிறார் என்பது நமக்குத் தெரியும். பொம்மை அசையாமல் நின்றால் அது வெறும் பொம்மையாகிவிடும். ஊட்டிய உயிர் இரண்டு நொடியில் வடிந்துவிடும். பராஸ் அந்த விளிம்புக்கே போய் நிற்கிறார். கூர்ஜெத் காப்பகத்தின் வாசலில் நிற்கிறான், சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்திருக்கிறான், படுக்கையில் விழித்துக் கிடக்கிறான். காட்சி வெட்டப்படாமல் நீள்கிறது. முகத்தில் ஒன்றும் நடக்கவில்லை. அந்தப் பெரிய வட்டக் கண்களின் இமை மட்டும் ஒருமுறை மூடித் திறக்கிறது.

அந்த ஓர் இமைப்புதான் இந்தப் படத்தின் நடிப்பு முறை என்று சொன்னால் மிகையாகாது. எப்போது இமைக்க வேண்டும், கேள்வி முடிந்தவுடனா அல்லது அரை நொடி கழித்தா, இமைத்த பின் பார்வை எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்பதையெல்லாம் ஒருவர் யோசித்து, இமையை மாற்றி மாற்றி வைத்திருக்கிறார். குரல்களும் இதற்குத் துணைநிற்கின்றன. குழந்தைப் பாத்திரங்களுக்குக் குரல் கொடுத்தவர்கள் தொழில்முறைக் கலைஞர்கள் அல்லர், சாதாரணப் பிள்ளைகள். படப்பிடிப்புக்கு முன்பே அவர்களை ஒன்றாகச் சேர்த்து, காட்சிகளை நடிக்கவைத்து ஒலிப்பதிவு செய்திருக்கிறார்கள். அதனால் வசனத்துக்கு நடுவே மூச்சு கேட்கிறது, எச்சில் விழுங்குவது கேட்கிறது, சொல்லத் தொடங்கிப் பாதியில் விட்ட சொல் கேட்கிறது. முகம் அசையாமல் இருக்க, மூச்சு மட்டும் உயிரோடு வந்துகொண்டிருக்கிறது. துன்பத்தை விழுங்கிவிட்ட பிள்ளைகளை நேரில் பார்த்தவர்களுக்கு இந்தச் சேர்க்கை புதிதாக இருக்காது.

நான் பார்த்திருக்கிறேன். ஐந்தாம் வகுப்பில் எங்களோடு படித்தவர்களில் நான்கு பேர், பள்ளிக்கு அருகில் இருந்த ஓர் இல்லத்திலிருந்து வருவார்கள். அவர்களில் ஒருவன் தன் ஜாமெட்ரி பாக்ஸுக்குள் ஒரு பழைய பேருந்துப் பயணச்சீட்டை வைத்திருந்தான். கசங்கி, எழுத்து மங்கி, மடித்த இடத்தில் கிழியும் நிலையில் இருந்த சீட்டு. காம்பஸை எடுக்கும்போதெல்லாம் அதை ஒதுக்கிவைத்து எடுப்பான். ஒருநாள் விளையாட்டாக நானும் இன்னொருவனும் அதை எடுத்து ராக்கெட் செய்து சன்னல் வழியாக விட்டுவிட்டோம். அவன் எங்களை அடிக்கவில்லை, ஆசிரியரிடம் சொல்லவில்லை, அழவும் இல்லை. சன்னலையே பார்த்துக்கொண்டு நின்றான். அவன் முகத்தில் ஒன்றுமே இல்லாததால் எங்களுக்கு அது பெரிய விஷயமாகவே படவில்லை. அந்தச் சீட்டு எந்த ஊரிலிருந்து எந்த ஊருக்கு, யார் எடுத்துக்கொடுத்தது என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது. முப்பது வருடங்கள் கழித்து ஒரு பிரெஞ்சுப் பொம்மை காலி டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டு இமைத்தபோதுதான் அந்தச் சன்னலோர முகத்தை முதன்முதலாக ஒழுங்காகப் பார்த்தேன்.

உயிருள்ள சிறுவன் ஒருவனை நடிக்கவைத்து இதே கதையை எடுத்திருந்தால் நமக்குத் தப்பிக்க வழியிருந்திருக்காது. குழந்தையின் உண்மையான கண்ணீர் பார்ப்பவரை மிரட்டும். அழு என்று கழுத்தைப் பிடிக்கும். பொம்மை அப்படிச் செய்ய முடியாது. அதற்குக் கொடுக்கப்பட்டவை இரண்டு கண்களும் மாற்றிப் பொருத்தும் சில வாய் வடிவங்களும்தான். மீதியை நாம்தான் இட்டு நிரப்ப வேண்டும். நம்மிடம் இருப்பதைத்தானே நாம் இட்டு நிரப்ப முடியும்?

காப்பகத்தில் கூர்ஜெத்துக்கு முன்பே ஐந்து பிள்ளைகள் இருக்கிறார்கள். அஹ்மத் இரவில் படுக்கையை நனைப்பவன். அலிஸ் முகத்தின் பாதியைத் தலைமுடியால் மறைத்துக்கொண்டிருப்பாள். பதற்றம் வந்துவிட்டால் முள்கரண்டியால் தட்டைத் தட்டிக்கொண்டே இருப்பாள். அவளுக்கு வீட்டில் நேர்ந்ததைப் படம் ஒரே வரியில், அதுவும் இன்னொரு பிள்ளையின் வாயால், சொல்லிவிட்டு நகர்கிறது. பெயாத்ரிஸின் தாய் நாடு கடத்தப்பட்டவள். வாசலில் எந்த வண்டிச் சத்தம் கேட்டாலும் 'அம்மா' என்று ஓடிவரும் அந்தச் சிறுமி, வந்தது அம்மா இல்லை என்று தெரிந்ததும் ஒன்றும் நடவாததுபோல் திரும்பிவிடுவாள். அந்த ஓட்டத்தைப் படம் சோகப் பாட்டோடு காட்டுவதில்லை. காலையில் பல் தேய்ப்பதுபோல் அதுவும் அங்கே ஒரு வழக்கம்.

சுவரில் ஒரு வானிலைப் பலகை மாட்டியிருக்கிறது. ஒவ்வொரு பிள்ளைக்கும் அன்றைய மனநிலையை வெயில், மேகம், மழை என்று அதில் குறிக்கிறார்கள். நல்ல யோசனைதான். ஆனால் அங்கிருக்கும் பெரியவர்கள் எவரையும் அந்தப் பலகையை வைத்துப் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தவிடவில்லை என்பதைத்தான் நான் மெச்சுகிறேன். இந்தக் காப்பகம் கொடுமைக்கூடம் இல்லை. அநாதைக் குழந்தைகளைப் பற்றிய கதைகளில் கஞ்சிக்கு ஏங்கும் பிள்ளைகளும் பிரம்பு வைத்திருக்கும் மேலாளரும் வந்தே தீர வேண்டும் என்ற பழைய கணக்கைப் பராஸ் தலைகீழாக்கியிருக்கிறார். வீடுதான் இவர்களைக் காயப்படுத்தியது. விடுதி இவர்களைத் தேற்றுகிறது.

பிள்ளைகளில் சீமோனை முதலில் யாருக்கும் பிடிக்காது. வந்த அன்றே கூர்ஜெத்தைக் கேலி செய்கிறான், 'உருளைக்கிழங்கு' என்று அழைக்கிறான், பட்டத்தைப் பிடுங்குகிறான். எல்லாப் பிள்ளைகளின் கதையும் அவனுக்குத்தான் தெரியும். கோப்புகளைத் திருட்டுத்தனமாகப் பார்த்துவைத்திருக்கும் குமாஸ்தாபோல் ஒவ்வொருவரும் எதற்காக அங்கே வந்தார்கள் என்று அடுக்குகிறான். தன் பெற்றோர் போதைக்கு அடிமையானவர்கள் என்பதையும் அதே குரலில் சொல்கிறான். அப்போது கூர்ஜெத், தன் தாயைத் தானே கொன்றுவிட்டதாக நினைப்பதாகச் சொல்கிறான். படத்தின் மிகக் கனமான வாக்கியம் இது. சீமோன் திகைப்பதும் இல்லை, ஆறுதல் சொல்வதும் இல்லை. நாம் எல்லோரும் ஒரே மாதிரிதான், நம்மை நேசிக்க யாரும் மிச்சமில்லை என்கிற கருத்தில் ஒன்றைச் சொல்கிறான். அந்த வயதில் ஆறுதல் என்பது இதுதான் போலும்: நீ மட்டும் இல்லை.

பின்னர் கமீல் என்ற சிறுமி வருகிறாள். கூர்ஜெத்தின் மனம் அவளிடம் போகிறது. எல்லோரும் பனிமலைக்குச் சுற்றுலா போகிறார்கள். அங்கே ஒரு தாய் தன் குழந்தையை அணைத்துத் தேற்றுவதை, காப்பகத்துப் பிள்ளைகள் எல்லோரும் வரிசையாக நின்று வாய் பேசாமல் பார்க்கிறார்கள். மிருகக்காட்சிசாலையில் இதுவரை கண்டிராத ஒரு பறவையைப் பார்ப்பதுபோல. அந்தத் தாய் எவ்வளவு அழகு என்று ஒரு பிள்ளை வியக்க, அவள் தாயாக இல்லாமலும் இருக்கலாமே என்று இன்னொரு பிள்ளை சந்தேகிக்கிறது. எனக்கு இந்தப் படத்தில் மனம் உடைந்த இடம் எது என்று கேட்டால், தாய் விழுந்த சத்தத்தைச் சொல்ல மாட்டேன். இந்த வரிசையைத்தான் சொல்வேன்.

இதற்கு இணையான இன்னொரு காட்சி பிற்பகுதியில் வருகிறது. காப்பகத்தில் வேலை செய்யும் ரோசிக்குக் குழந்தை பிறக்கிறது. பிள்ளைகள் அவளைச் சூழ்ந்துகொண்டு கேள்வி கேட்கத் தொடங்குகிறார்கள். இந்தக் குழந்தையை நீ விட்டுவிடுவாயா? அசிங்கமாக இருந்தால்கூட விடமாட்டாயா? ஓயாமல் அழுதால்கூட? ஒன்று மாற்றி ஒன்றாக, உலகத்தில் ஒரு குழந்தைக்கு இருக்கக்கூடிய குறைகளையெல்லாம் தேடித்தேடி முன்வைக்கிறார்கள். எல்லாவற்றுக்கும் ரோசி மாட்டேன் என்றே சொல்கிறாள். திரையரங்கில் சிரிப்பு எழக்கூடிய காட்சி, நானும் சிரித்தேன். ஆனால் கைவிடப்பட்ட ஒவ்வொரு பிள்ளையும் தன்னைப் பெற்றவர்கள் தன்னை விட்டதற்கான காரணம் தன்னிடமே இருந்திருக்கும் என்று இத்தனை நாளும் யோசித்துவந்த பட்டியல்தான் அந்தக் கேள்விகள் என்பது சிரித்து முடிந்த பிறகு உறைக்கிறது.

குறைகளும் உண்டு. கமீலைத் தன் வீட்டுக்கு இழுத்துக்கொண்டுபோகத் துடிக்கும் அத்தை, அரசு கொடுக்கும் பணத்துக்காக மட்டுமே அவளை விரும்புகிறவள். முதல் காட்சியிலிருந்தே முகத்தில் வில்லி என்று எழுதி ஒட்டியதுபோல் இருக்கிறாள். சீமோனின் உதவியோடு அவளுடைய ஏச்சை ரகசியமாகப் பதிவுசெய்து நீதிபதி முன் போட்டுக்காட்டும் பகுதி, வேறொரு சிறுவர் சாகசக் கதையிலிருந்து வழிதவறி வந்ததுபோல் இருக்கிறது. மற்ற எல்லாப் பெரியவர்களுக்கும் ஒரு பக்கக் காயத்தையாவது கொடுத்த படம் இவளுக்கு மட்டும் ஒன்றையும் கொடுக்கவில்லை. 66 நிமிடம் என்பதும் எனக்குப் போதவில்லை. அஹ்மத்தோடும் பெயாத்ரிஸோடும் இன்னும் கொஞ்சம் இருந்திருக்கலாம். பிள்ளைகளுக்குப் போட்டுக்காட்டலாமா என்று கேட்பவர்களுக்கு ஒன்று: ஆண் பெண் உறவைப் பற்றிச் சீமோன் தனக்குத் தெரிந்த அளவில் மற்றவர்களுக்கு விளக்கும் இடம் ஒன்று வருகிறது. அமெரிக்காவில் 13 வயதுக்குட்பட்டோருக்குப் பெற்றோர் எச்சரிக்கையோடுதான் சான்றிதழ் கொடுத்தார்கள்.

ரேமோன் தனிமனிதர், பிள்ளையால் கைவிடப்படும் பெற்றோரும் உண்டு என்று சொல்லக்கூடியவர். கூர்ஜெத் காப்பகத்திலிருந்து அவருக்குப் படம் வரைந்து கடிதம் எழுதுகிறான், அவர் வந்துபோகிறார், கடைசியில் கூர்ஜெத்தையும் கமீலையும் தன் வீட்டுக்கு அழைத்துக்கொள்ள முன்வருகிறார். இத்தனை எளிதாக இது நடக்குமா என்று எனக்குள் இருந்த வயதானவன் முணுமுணுத்தான். ஆனால் படம் அந்த மகிழ்ச்சியைச் சீமோன் வழியாகத்தான் நமக்குக் காட்டுகிறது. செய்தி தெரிந்ததும் முதலில் அவன் கோபித்துக்கொண்டு ஒதுங்குகிறான். பிறகு அவனே கூர்ஜெத்திடம் வந்து, நீ போகத்தான் வேண்டும், இந்த வயதுப் பிள்ளைகளை யாரும் தத்தெடுக்க வருவது அபூர்வம் என்று எடுத்துச் சொல்கிறான். பத்து வயது இருக்குமா அவனுக்கு? ஒரு குடும்பத்தின் மூத்தவர் பேச வேண்டிய பேச்சு அது. சொல்லும்போது அவனும் ஒருமுறை இமைக்கிறான்.

சென்ற விடுமுறைக்கு வந்திருந்த என் அக்கா மகளோடு இதை மூன்றாவது முறை பார்த்தேன். அவளுக்கும் ஒன்பது வயது. சீமோனின் விளக்கவுரை வரும் இடத்தை மட்டும் ஓட்டிவிட்டேன். அவள் கண்டுகொண்டாள், ஆனால் விட்டுவிட்டாள். பிரெஞ்சு அவளுக்குத் தெரியாது. திரையின் கீழே ஓடும் ஆங்கிலத்தை நான் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தேன். பாதிக்குமேல் அவள் என்னைச் சொல்லவேண்டாம் என்றுவிட்டாள். இறுதியில் பாடகி ஸோஃபி ஹங்கரின் குரலில் பாட்டு தொடங்கி, பெயர்கள் ஓடத் தொடங்கின. கூர்ஜெத்தைப் பற்றியோ, காலி டப்பாவைப் பற்றியோ கேட்பாள் என்று எதிர்பார்த்து, பதிலும் தயாராக வைத்திருந்தேன்.

"சீமோனை யாரு மாமா கூட்டிட்டுப் போவாங்க?"

படம் முடிந்துவிட்டது என்றேன்.

"அதனாலதான் கேக்குறேன்" என்றாள்.